அடியில் என்ன கிடக்கிறது

ஆர்கன்சா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பென்டன்வில், ராஜர்ஸ் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருப்பதால், ஐடி வேலைக்கு அமெரிக்கா போகும் தமிழர்களில் பலர் ஆறு மாதமோ இரண்டு வருடமோ அந்த வட்டாரத்தில் இருந்திருப்பார்கள். நானும் இருந்தேன். வேலை நாட்கள் எப்படியோ போய்விடும். சனிக்கிழமை காலையில் என்ன செய்வது என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. அரை மணி நேர கார் பயணத்தில் பீவர் ஏரி இருந்தது. ஆகவே, சின்ன வயதில் மண்புழு கோத்து கெளுத்தி பிடித்ததைத் தவிர எந்தத் தகுதியும் இல்லாத நான், மீன் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

தூண்டில் கடைக்குள் போனதும் அந்த முடிவு ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு முழுச் சுவர். தரையிலிருந்து தலைக்கு மேல் வரை. எல்லாம் ஜிக். ஒரு முள், அதன் கழுத்தில் ஒரு ஈயக்குண்டு, அதைச் சுற்றி ரப்பர் இழைகளால் ஒரு குட்டிப் பாவாடை. இவ்வளவுதான் பொருள். ஆனால் குண்டின் வடிவத்தில் ஏழெட்டு வகை, எடையில் ஐந்தாறு, நிறத்தில் எண்ணி முடியாது. எனக்குத் தொழில் புத்தி. "இதுல டீஃபால்ட் எது?" என்றுதான் கேட்கத் தோன்றியது.

கூட வந்தவர் என் அடுக்ககத்தில் கீழ்வீட்டில் குடியிருந்த பெரியவர். எழுபது தாண்டியவர், அந்த மண்ணிலேயே பிறந்தவர். அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். ஆனால் எனக்கு அது ஏனோ தமிழில்தான் நினைவிருக்கிறது. "சுவத்தப் பாத்து எடுக்காத. அடியில என்ன கிடக்குன்னு முதல்ல சொல்லு. கல்லா, மரமா, பாசியா?"

எனக்குத் தெரியவில்லை. ஏரி என்றால் அடியில் சேறு இருக்கும், வேறென்ன இருக்கும் என்றேன். அவர் சிரித்தார். "அடியில ஊர் இருக்கு" என்றார்.

அந்த ஒரு வரியின் பின்னால் போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

*

முதலில் மீன். பாஸ் என்று பொதுவாகச் சொன்னாலும், அமெரிக்க நன்னீரில் இவர்கள் துரத்தும் கறுப்பு பாஸ், கடலில் பாஸ் என்று அழைக்கப்படும் மீன்களின் குடும்பமே இல்லை. சன்ஃபிஷ் என்கிற வட அமெரிக்க நன்னீர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரியவாய் பாஸ், சிறுவாய் பாஸ், புள்ளி பாஸ் என்று அதில் பல வகை. 1802ல் பிரெஞ்சு விலங்கியலாளர் லாசெபேட் கையில் கிடைத்த ஒரு மாதிரி மீனின் முதுகுத் துடுப்பு அடிபட்டு, பின்பகுதி தனியாகப் பிய்ந்திருந்தது. அதை இயல்பான உறுப்பு என்று நினைத்து, ‘சிறு துடுப்பு’ என்று பொருள்படும் மைக்ரோப்டெரஸ் என்ற பேரினப் பெயரை வைத்துவிட்டார். பிழை பிறகு தெரிந்தது. பெயர் அப்படியே நின்றுவிட்டது. யாரோ அவசரத்தில் தப்பாக வைத்த வேரியபிள் பெயரை இருபது வருடம் கழித்தும் மாற்ற முடியாமல் தவிக்கும் எங்களுக்கு இது புதிதல்ல.

இந்த மீனுக்கு மரியாதை வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதுவரை, இங்கிலாந்திலிருந்து வந்த ரசனைப்படி டிரவுட் பிடிப்பதுதான் கனவான்களின் வேலை. ஜேம்ஸ் ஹென்ஷல் என்ற மருத்துவர் 1881ல் கறுப்பு பாஸைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதி, அளவுக்கு அளவு பார்த்தால் இதைவிட முரட்டுத்தனமாகப் போராடும் மீன் இல்லை என்று வாதிட்டார். அப்போது இரை என்றால் பெரும்பாலும் உயிருள்ள சிறுமீனும் தவளையும்தான். மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் ஒருநாள் குளக்கரையில் உட்கார்ந்து மரக்கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். கையிலிருந்த துண்டைத் தண்ணீரில் எறிந்தபோது ஒரு பாஸ் பாய்ந்து அதை அடித்ததாம். கதை எவ்வளவு உண்மையோ, அவர் மரத்தவளைகள் செதுக்கியது உண்மை. அதிலிருந்து ஒரு கம்பெனியே வளர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹெட்டனின் தவளை மிதப்பது. அது வடக்கத்திய இயற்கை ஏரிகளுக்கான இரை. பனிப்பாறைகள் தோண்டிவிட்டுப் போன ஏரிகள், கரையோரம் அல்லி, நாணல். மீன் மேலே வரும், மேலே அடிக்கும். அடியில் என்ன கிடக்கிறது என்று யாரும் பெரிதாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

*

அந்தக் கேள்வியை உண்டாக்கியவை அணைகள்.

1933ல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், ரூஸ்வெல்ட் அரசு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை உருவாக்கியது. மின்சாரம், வெள்ளத் தடுப்பு, வேலை மூன்றும் ஒரே திட்டத்தில். ஆணையம் கட்டிய முதல் அணை கிளின்ச் ஆற்றின் மேல் நாரிஸ் அணை. 1936ல் முடிந்தது. அந்த நீர்த்தேக்கத்துக்காகச் சுமார் 3,000 குடும்பங்கள் வெளியேறின. கல்லறைகளைக்கூடத் தோண்டி மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு நாற்பது வருடங்களுக்கு, தெற்கு அமெரிக்கா முழுக்க ஆறுகள் ஒவ்வொன்றாக ஏரிகளாயின. ஆர்கன்சா, மிசூரி எல்லையில் ஓடும் வெள்ளை ஆற்றில் ராணுவப் பொறியியல் படை வரிசையாகக் கட்டியது: 1951ல் புல் ஷோல்ஸ், 1958ல் டேபிள் ராக், 1966ல் பீவர். நான் தூண்டில் போட்ட பீவர் ஏரியின் பரப்பு சுமார் 28,000 ஏக்கர்.

புதிதாகத் தண்ணீர் நிரம்பும் நிலத்தில் ஒரு விநோதம் நடக்கும். மூழ்கிய புல், இலை, செடி எல்லாம் அழுகி தண்ணீருக்கு உரமாகும். அதை நம்பிப் பூச்சி, பூச்சியை நம்பிச் சிறுமீன், சிறுமீனை நம்பி பாஸ். முதல் சில வருடங்களுக்கு மீன் கொழிக்கும். ஒளிந்துகொள்ள இடத்துக்கும் பஞ்சமில்லை. வெட்டாமல் விட்ட காடு அப்படியே நீருக்குள் நிற்கும். பழைய சாலை, வேலிக்கம்பம், வீட்டு அஸ்திவாரம், ஆற்றின் பழைய கரை. பாஸ் துரத்திப் பிடிக்கும் மீன் அல்ல, பதுங்கிப் பிடிக்கும் மீன். ஒரு மரத்தின் நிழலில் நின்றுகொண்டு, எதிரே வருவதை வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும். மனிதர்கள் காலி செய்துவிட்டுப் போன எல்லாவற்றிலும் பாஸ் குடியேறியது.

இப்போது மீனைப் பிடிப்பவனின் பிரச்சினையைப் பாருங்கள். மீன் பதினைந்து அடி ஆழத்தில், ஒரு செத்த மரத்தின் கிளைகளுக்கு நடுவில் நிற்கிறது. மிதக்கும் தவளை அதற்குத் தெரியாது. மும்முள் தொங்கும் மரமீனைப் போட்டால் முதல் கிளையிலேயே சிக்கிக்கொள்ளும். அடிவரை இறங்க வேண்டும், சிக்காமல் இறங்க வேண்டும், சிக்காமல் திரும்பவும் வர வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளுக்கு அமெரிக்கா பல பதில்கள் கண்டுபிடித்தது. 1949ல் ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரனில் நிக் கிரீம் வார்த்த பிளாஸ்டிக் புழு ஒரு பதில். இன்னொன்று ஜிக்.

*

ஜிக் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கடலில் காட் மீன் பிடிப்பவர்கள் ஈயத்தில் மீன் மாதிரி வார்த்து, மேலும் கீழும் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தது பழைய வழக்கம். மான்வால் மயிர் கட்டிய ஜிக்குகள் அமெரிக்கக் கடற்கரையில் ரொம்ப காலமாகப் புழக்கத்தில் இருந்தவை. அதன் உள்ளே இருக்கும் யோசனை எளிமையானது. சாதாரண தூண்டிலில் குண்டு ஒரு இடத்தில், முள் ஒரு இடத்தில். ஜிக்கில் குண்டு முள்ளின் கழுத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும். நரம்பு கட்டும் வளையம் மேற்பக்கம் வளைந்திருக்கும். இதனால் தண்ணீரில் விழும்போது குண்டு கீழே போகும், முள்முனை மேல்நோக்கித் திரும்பிவிடும். கல்லின் மேல் இழுத்தாலும் கல்லைத் தொடுவது ஈயம்தான், முள் இல்லை. பார்த்தால் அற்பம். ஆனால் அடியைத் தொடவே முடியாதிருந்த ஒரு கருவியை அடியிலேயே வாழ வைத்தது இந்தத் தலைகீழ் முள்தான்.

முள்முனைக்கு முன்னால் நைலான் நார்க் கற்றை ஒன்றைச் சாய்வாக நட்டுவைத்தார்கள். துடைப்பக்கட்டையின் குட்டி மாதிரி இருக்கும். கிளை வந்து மோதினால் அது மடங்காமல் தள்ளிவிடும். மீன் கடித்தால் மடங்கி முள்ளுக்கு வழிவிடும். எவ்வளவு நார் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். அதிகமானால் மீனும் மாட்டாது, குறைந்தால் மரமும் மாட்டும். காட்டுக்குள் இறங்குபவர்கள் தடித்த கற்றையை வைத்துக்கொள்வார்கள். திறந்த நீரில் போடுபவர்கள் கத்தரியால் பாதியை நறுக்கி எறிவார்கள்.

இதெல்லாம் உள்ளூர் ஆட்களின் கைவேலையாக, கொட்டகைகளில் ஈயம் உருக்கி வார்த்துக்கொண்டதாக இருந்தது. ஒரு ஏரிக்காரருக்குத் தெரிந்தது அடுத்த ஏரிக்காரருக்குத் தெரியாது. அதை மாற்றியவர் ரே ஸ்காட். அலபாமாவின் மான்ட்கோமரியைச் சேர்ந்த இன்ஷூரன்ஸ் விற்பனையாளர். 1967 ஜூனில் நம் பீவர் ஏரியில், ஆளுக்கு 100 டாலர் கட்டணம் வாங்கி, 106 பேரை வைத்து ஒரு பாஸ் போட்டி நடத்தினார். அடுத்த வருடம் பாஸ் மீன்பிடிப்போர் சங்கத்தைத் தொடங்கினார். 1971ல் முதல் ‘கிளாசிக்’ போட்டி, பரிசு 10,000 டாலர். 1972ல், பிடித்த மீனை உயிரோடு எடைபோட்டு ஏரியிலேயே விட வேண்டும் என்ற வழக்கத்தையும் கொண்டுவந்தார்.

போட்டி என்ன செய்தது என்றால், ரகசியங்களைச் சுற்றுலா அனுப்பியது. கலிஃபோர்னியாக்காரன் ஆர்கன்சா ஏரிக்கு வருவான். தன் ஊர் வித்தையை இங்கே காட்டுவான். ஜெயித்தால் மறுநாளே அது எல்லோருடைய வித்தை.

*

அப்படி வந்தவர் டீ தாமஸ். சாக்ரமென்டோ, சான் வாகீன் ஆறுகள் சேரும் கலிஃபோர்னியா டெல்டாவில் டூலி என்கிற உயரமான கோரைக் காடுகள் உண்டு. அங்கே நீண்ட கழியில் குட்டையாக நரம்பு கட்டி, கோரைக்கு நடுவிலிருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகளில் ஜிக்கை இறக்குவது உள்ளூர் பழக்கம். வீசுவது இல்லை, இறக்குவது. தாமஸ் அதை ரீலோடு சேர்த்துச் செம்மைப்படுத்தினார். இடது கையால் நரம்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, கடிகாரத்தின் ஊசல் மாதிரி ஜிக்கை ஆட்டி, தண்ணீர் மட்டத்தை உரசுவது போலக் கொண்டுபோய்ச் சத்தமே இல்லாமல் உள்ளே விடுவது. ‘ஃப்ளிப்பிங்’ என்று பெயர்.

1975ல் புல் ஷோல்ஸ் ஏரியில் நடந்த போட்டிக்கு அவர் நீண்ட கழியோடு வந்தார். எல்லோரும் எட்டத்திலிருந்து வீசிக்கொண்டிருக்க, அவர் புதருக்கு முன்னால் படகை நிறுத்தி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஜிக்கை இறக்கி எடுத்தார். ஜெயித்தார். மற்றவர்கள் கொதித்துப்போனார்கள். இது மூங்கில் கழியால் பிடிப்பது, போட்டிக்கான முறையே இல்லை என்றார்கள். ஸ்காட் நடுவில் வந்து, முறையைத் தடை செய்யவில்லை, கழியின் நீளத்தை 8 அடி என்று கட்டுப்படுத்தினார். தாமஸ் ஏழரை அடிக் கழிக்கு மாறினார். அந்த அளவிலேயே கம்பெனி தயாரிப்பும் வந்துவிட்டது. இன்று கடையில் ‘ஃப்ளிப்பிங் ராட்’ என்று விற்பது ஏறக்குறைய அந்தச் சமரசத்தின் நீளம்.

ஜிக்கின் உருவமும் இந்த முறைக்கேற்ப மாறியது. நேராக இறங்கி நேராக ஏற வேண்டும் என்பதால் தலை ஒடுங்கியது, நரம்பு வளையம் கொஞ்சம் முன்னே சாய்ந்தது, முள் தடித்தது. ஆர்கன்சாவின் பெயரிலேயே ‘ஆர்க்கி’ என்று ஒரு தலை வடிவம் உண்டு. பக்கங்கள் சற்றே தட்டையான, எந்த மரத்திலும் வழுக்கிக்கொண்டு வரும் தலை. சுவரில் எனக்கு முன்னால் தொங்கியவற்றில் பாதி அந்த வம்சம்.

*

பெரியவர் எனக்கு ஜிக் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொடுத்தது மூன்று கேள்விகளில் அடங்கும். தலை எதில் உரசப் போகிறது? எவ்வளவு வேகமாக விழ வேண்டும்? மீனுக்கு அது என்னவாகத் தெரிய வேண்டும்?

முதல் கேள்விக்குத் தலை வடிவம் பதில். மரம், புதர் என்றால் ஆர்க்கி. கல், சரளை என்றால் ‘ஃபுட்பால்’ தலை. அமெரிக்கக் கால்பந்து போலக் குறுக்காக நீண்ட தலை. கல்லிடுக்கில் செருகிக்கொள்ளாமல் உருண்டு வரும், உருளும்போது பின்னாலிருக்கும் பாவாடை முன்னும் பின்னும் தலையாட்டும். அடர்ந்த பாசி என்றால் கூர்மூக்கு, நரம்பு வளையம் மூக்கு நுனியில். அப்போதுதான் பாசி வழியில் குவியாது.

கூர்மூக்குக்கும் ஒரு அணைக் கதை உண்டு. 1930களில் மேல் மிசிசிப்பி ஆற்றில் கப்பல் போக வசதியாக வரிசையாகத் தடுப்பணைகளும் பூட்டுக் கால்வாய்களும் கட்டினார்கள். ஆறு படிப்படியான குட்டைகளாகி, இருபுறமும் பாசி மண்டிய உப்பங்கழிகள் போலப் பரவியது. அங்கே, விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் வட்டாரத்தில், அடியில் போடாமல் பாசிக்கு மேலே நீந்தவிட்டு இழுக்கும் ‘ஸ்விம் ஜிக்’ வளர்ந்தது. டாம் மான்சூர் போன்ற போட்டியாளர்கள் கையால் கட்டிய ஜிக்குகளோடு அதை மற்ற மாநிலங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டாவது கேள்விக்கு எடை. 3/8 அவுன்ஸ் என்றால் பத்தரை கிராம், 1/2 என்றால் 14, 3/4 என்றால் 21. ஆழம் அதிகமானால் எடை அதிகம் என்று நினைத்தேன். அது பாதிதான் சரி. குளிர்ந்த நீரில் மீன் மந்தமாக இருக்கும், மெதுவாக விழுவதைத்தான் எடுக்கும். வெயில் காலத்தில் சட்டென்று மூக்குக்கு முன் விழுந்தால், யோசிக்காமல் வாயைத் திறக்கும். எடையை மாற்றாமலே வேகத்தைக் குறைக்கவும் வழி உண்டு. பின்னால் மாட்டும் வால் பெரிதானால் ஜிக் மிதந்து மிதந்து இறங்கும்.

அந்த வால் ஒரு காலத்தில் பன்றித்தோல். விஸ்கான்சினின் ஃபோர்ட் அட்கின்சன் ஊரில் அங்கிள் ஜாஷ் என்ற கம்பெனி 1920களிலிருந்து உப்பில் ஊறிய பன்றித்தோலைத் தவளை வடிவில் வெட்டி ஜாடியில் விற்றது. ஜிக்கோடு அதைச் சேர்த்தால் ‘ஜிக் அண்ட் பிக்’. குளிர்காலத்தில் அதற்கு நிகரில்லை என்பார்கள். பிளாஸ்டிக் குளிரில் விறைக்கும், தோல் நெகிழ்ந்தே இருக்கும். ஒரே தொல்லை, முள்ளிலேயே விட்டுவிட்டு மதிய சாப்பாட்டுக்குப் போனால் காய்ந்து செருப்புத்தோல் ஆகிவிடும். 2015 வாக்கில் கம்பெனி பன்றித்தோல் இரையை நிறுத்திக்கொண்டது. காரணம் ஏரியில் இல்லை, பண்ணையில். இப்போது பன்றிகளை இளவயதிலேயே அறுத்துவிடுவதால், இரைக்கு ஏற்ற தரமான தோல் கிடைப்பதில்லை. மயிராக இருந்த பாவாடையும் ரப்பராகி, பிறகு சிலிகான் ஆனது. ரப்பர் வெயிலில் உருகிப் பெட்டிக்குள் ஒட்டிக்கொள்ளும், சிலிகான் ஒட்டாது. அதோடு அதில் எந்த நிறத்தையும் புள்ளியையும் அச்சடிக்கலாம்.

மூன்றாவது கேள்வி நிறம். பெரும்பாலும் ஜிக் போலி செய்வது கிரேஃபிஷை. நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில் பிறந்த மாதிரி, கொடுக்கோடு கல்லுக்கடியில் திரியும் நன்னீர் உயிரி. தெளிந்த நீருக்குப் பழுப்பும் கரும்பச்சையும், கலங்கிய நீருக்குக் கறுப்பும் நீலமும் என்பது எழுதாத சட்டம். கறுப்பு நீலம்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஈரத்தில் மினுங்கும். இந்த ஊர் திரும்பிய பிறகுதான் ஒரு ஆய்வைப் படித்தேன். இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பெரியவாய் பாஸ்களை ஒவ்வொரு நிறத்துக்கும் இரை கொடுத்துப் பழக்கிச் சோதித்திருக்கிறார்கள். அவற்றின் கண்ணில் சிவப்புக்கும் பச்சைக்குமான கூம்பு செல்கள்தான் உண்டு. சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்துவிடுகின்றன. கறுப்பையும் நீலத்தையும் பிரிக்கத் தடுமாறுகின்றன.

ஆக, கறுப்புப் பாவாடையில் அந்த நாலு நீல இழைகள் யாருக்காக? மீனுக்காக இல்லை என்றே தோன்றுகிறது. சுவருக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்கும் என்னைப் போன்றவனுக்காக. அந்தக் கடையில் முதலில் தூண்டிலில் மாட்டியது நான்தான்.

*

ஈயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜிக்கின் ஆதாரமே ஈயம். வீட்டு அடுப்பில் உருகும், அச்சில் ஊற்றலாம், விலை மலிவு. ஆனால் வடகிழக்கு மாநில ஏரிகளில் லூன் என்ற பறவை இருக்கிறது. இரவில் அழுகுரல் போலக் கூவும் நீர்ப்பறவை. செரிப்பதற்காக அடியிலிருந்து கூழாங்கற்களை விழுங்கும். அதோடு குண்டையும் ஜிக்கையும் விழுங்கிவிடும், அல்லது ஜிக்கோடு அறுத்துக்கொண்டு போன மீனை விழுங்கும். இரைப்பையில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் கலந்தால் சில வாரங்களில் சாவு. இறந்த லூன்களை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்கள், வளர்ந்த பறவைகளின் சாவுக்கு ஈயத் தூண்டில் பொருட்கள் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2016 ஜூன் முதல் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவானதுமான ஈய ஜிக்குகளை விற்பதையும் நன்னீரில் பயன்படுத்துவதையும் தடை செய்தது.

மாற்று டங்ஸ்டன். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுடையது 19.3. அதனால் அதே எடைக்குத் தலை சிறுத்துவிடும். கெட்டியான உலோகம் என்பதால் கல்லில் பட்டால் ‘டிக்’ என்று கைக்குத் தெளிவாகத் தெரியும். விலைதான் பல மடங்கு. ஆர்கன்சாவில் அப்படித் தடையேதும் இல்லை. நான் வாங்கியது ஈயம். மலிவானது, நிறைய தொலைக்கப்போகிறோம் என்று தெரிந்தே வாங்கினேன். முதல் நாள் மட்டும் ஆறு ஜிக். எல்லாம் நீரில் மூழ்கிய மரங்களில். ஒவ்வொன்று அறுந்தபோதும் பெரியவர், "மரம் இருக்கிற இடம் ஒண்ணு தெரிஞ்சுது" என்றார். அப்போது அது ஆறுதலாக இருந்தது.

*

ஏரியின் மேல் கோடியில் மான்ட்டி நீ என்ற இடம். கடைசியாக அங்கேதான் போனோம். 1901ல் வில்லியம் ‘காயின்’ ஹார்வி என்பவர் அங்கே ஒரு உல்லாச விடுதி ஊரைத் தொடங்கினார். வெள்ளி நாணயமே நாட்டைக் காப்பாற்றும் என்று 1890களில் புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவர். விடுதிகள் நொடித்துப்போன பிறகு, வயதான காலத்தில் அவருக்கு ஒரு நம்பிக்கை வந்தது. இந்த நாகரிகம் அழியப்போகிறது. எப்படி அழிந்தது என்று பின்னால் வருபவர்களுக்குச் சொல்ல ஒரு பிரமிடு வேண்டும். 130 அடி உயரம். உள்ளே புத்தகங்களும் அன்றாடப் பொருட்களும் வைத்து மூடிவிட வேண்டும். பிரமிடு எழவே இல்லை. அதற்கு முகப்பாக அவர் 1920களில் கட்டிய கான்கிரீட் அரங்கு மட்டும் முடிந்தது. 1936ல் ஹார்வி இறந்தார். 1960களில் பீவர் அணை வந்தது. தண்ணீர் ஏறி அரங்கை மூடியது. கரையில் எஞ்சியிருந்த ஒரு விடுதிக் கோபுரத்தையும், ஆபத்து என்று சொல்லி 2023ல் ராணுவப் பொறியியல் படை இடித்துவிட்டது.

நாங்கள் போனது தண்ணீர் இறங்கியிருந்த ஒரு காலம். அரங்கின் மேல் படிகள் சேறு பூசிக்கொண்டு வெளியே தெரிந்தன. பெரியவர் படகை நிறுத்தி ஒரு ஃபுட்பால் ஜிக்கை என்னிடம் நீட்டினார். அரை அவுன்ஸ், பழுப்பு. "படியில போட்டு இறக்கு. இழுக்காத, இறக்கு." போட்டேன். நரம்பு தளர்ந்தது. டக். கழியை லேசாகத் தூக்கி விட்டேன். கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை, பிறகு மறுபடி டக். அடுத்த படி. கண்ணுக்குத் தெரியாத ஒரு படிக்கட்டை நரம்பு வழியாக ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கினேன். ஆறாவது படியிலோ ஏழாவதிலோ உட்கார இடம் பார்த்து, ஊரின் தெருவில் நடக்கும் பையனாக இங்கே வந்திருக்கிறேன் என்றார் பெரியவர். அவர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டாவது படியில் ஜிக் மாட்டிக்கொண்டது. மீன் இல்லை, கான்கிரீட் விரிசல். படகைச் சுற்றிக் கொண்டுபோய் எதிர்ப்பக்கமிருந்து இழுத்துப் பார்த்தோம். வரவில்லை. நரம்பைக் கையில் சுற்றி அறுத்தேன்.

ஹார்வி தன் பிரமிடுக்குள் எதையெதை வைப்பது என்று பட்டியல் யோசித்துக்கொண்டிருந்தவர். அவருடைய படிக்கட்டில் இப்போது இருப்பது அரை அவுன்ஸ் ஈயம், ஒரு முள், பழுப்புச் சிலிகான் பாவாடை. எனக்கு முன்னால் ஐம்பது வருடமாக அங்கே தூண்டில் போட்டவர்கள் விட்டுப்போனவையும் கூடவே இருக்கும். மயிர், ரப்பர், சிலிகான் என்று அடுக்கடுக்காக. தண்ணீர் என்றைக்காவது முழுதாக இறங்கினால் யாராவது அவற்றைப் பொறுக்கி வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

திரும்பி வரும் வழியில் அதே கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சுவருக்கு முன்னால் போய் நின்றேன். இந்த முறை டீஃபால்ட் எது என்று கேட்கவில்லை. டங்ஸ்டன் ஒன்றும் ஆர்க்கி ஒன்றும் எடுத்தேன். கறுப்பு நீலத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டேன்.